கிடப்பு வேறு, எடுப்பு வேறு



இன்றைய பொழிவின் பொருள் நிலத்தடி எரிவளி. தனித்தமிழ் மேடையில் எரிவளிக்கும் பங்குச் சந்தைக்கும் என்ன பணி என்று சிலர் எண்ணக்கூடும். மொழி பாட்டுக்கும் வழிபாட்டுக்கும் மட்டுமே உரியது என்று எண்ணப் பழகிவிட்டமையால் எழுகின்ற ஐயம் அது. ஒரு மக்களின் பணமும் நிலமும் எந்தச் சொற்களால் கைமாறுகின்றனவோ, அந்தச் சொற்கள் அம் மக்களுக்கு விளங்காதவையாக இருக்குமானால், அவர்கள் இடுகின்ற கையொப்பம் வெற்றுத்தாளில் இட்டதேயாகும். இஃது உணர்ச்சியால் கூறும் கூற்றன்று. கணக்கேடுகளில் பதிவாகியுள்ள நிகழ்ச்சிகளே இதற்குச் சான்று.

ஆந்திர மாநிலத்துக் காக்கிநாடாக் கரைக்கு அப்பால், கிருட்டிணை, கோதாவரி ஆகிய ஆறுகளின் கழிமுகத்தை ஒட்டிய கடலடியில், கோடிக்கணக்கான ஆண்டுகளாகப் படிந்த வண்டற்பாறை பல ஆயிரம் மீட்டர் தடிப்பில் கிடக்கின்றது. அக் கடற்பரப்பில் ஒரு பகுதியில் எரிவளி தேடும் உரிமை, 2003இல், குசராத்து மாநில அரசுக்குச் சொந்தமான பாறைநெய்க் கழகத்திற்கு நடுவணரசால் வழங்கப்பட்டது. உரிமையில் நூற்றுக்கு எண்பது அக் கழகத்திற்கு. எஞ்சிய இருபதில் பத்து, கனடாவிலிருந்து இயங்கிய சியோகுளோபல் என்னும் சிறு குழுமத்திற்கு. அதன் பங்குக்குரிய தேட்டச் செலவையும் குசராத்துக் கழகமே தாங்கும் என்பது அவர்களுக்குள் இருந்த உடன்பாடு.

2005 சூன் 26ஆம் நாள், அந்நாளில் குசராத்து முதலமைச்சராக இருந்த நரேந்திர மோடி ஓர் அறிவிப்பை வெளியிட்டார். அங்குத் துளைத்த ஆய்வுக் கிணற்றில் 20 இலக்கங்கோடி கன அடி எரிவளி கண்டறியப்பட்டுள்ளது என்றும், அதன் மதிப்பு 5,000 கோடி தாலர், அஃதாவது 2,20,000 கோடி உருபா என்றும் அவ்வறிவிப்புக் கூறியது. இந்தியாவில் அதுவரை கண்டறியப்பட்டவற்றுள் இதுவே பெரிது என்று முழங்கப்பட்டது. வயலுக்குத் தீனதயாள் என்று பெயரும் இடப்பட்டது. அமெரிக்கப் பங்குச் சந்தையில் சியோகுளோபல் குழுமத்தின் பங்கு விலை அவ்வாண்டிலேயே பன்மடங்கு ஏறியது. ஒரு கன அடி எரிவளியும் அடுப்பை எட்டவில்லை, குழாய்கூடப் போடப்படவில்லை. ஆயினும் தாளிலிருந்த எண்ணிக்கையே கைமாறும் சரக்காகிவிட்டது.

பின்னர் நிகழ்ந்தவற்றைக் காண்க. தீனதயாள் மேற்குப் பகுதிக்கான வளர்ச்சித் திட்டம் 2009இல் ஒப்புதல் பெற்றபோது, அதன் பாறையில் கிடப்பதாகக் கொள்ளப்பட்ட அளவு 2 இலக்கங்கோடி கன அடிக்கும் சற்றுக் குறைவு. அதிலிருந்து எடுக்கத்தக்கது என்று கணக்கிடப்பட்டதோ 1 இலக்கங்கோடி கன அடி அளவே. 2011இல் எரிவளி வரும் என்றனர். 2014 ஆகத்தில்தான் வெள்ளோட்டமாகச் சிறிது வந்தது. இதற்கிடையில் குசராத்துக் கழகத்தின் கடன் 2011 மார்ச்சில் 7,000 கோடி உருபா அளவிலிருந்து 2015 மார்ச்சில் 19,000 கோடிக்கு மேல் ஏறியதைத் தலைமைக் கணக்குத் தணிக்கையரின் அறிக்கை காட்டியது. இறுதியில், 2017இல், நடுவணரசின் எண்ணெய்–எரிவளிக் கழகம் அந்த எண்பது விழுக்காட்டு உரிமையை 7,738 கோடி உருபாவுக்கு வாங்கியது. ஒரு மாநிலப் பொதுக் கழகத்தின் சுமை, இந்தியப் பொதுக் கழகம் ஒன்றின் தோளுக்கு மாற்றப்பட்டது. இரு தோள்களும் மக்களுடைய தோள்களே. சியோகுளோபல் பங்கோ, பின்னாட்களில் ஒரு தாலருக்கும் கீழே வீழ்ந்தது. ஏறியபோது விற்றவர் ஈட்டினர். நம்பிக் கடைசியில் வாங்கியவர் இழந்தனர்.

இவ்வளவு பெரிய ஏமாற்றம் எவ்வாறு நேர்ந்தது? முதற்கண் ஒன்றைத் தெளிவாக்கிக் கொள்ளுதல் வேண்டும். அங்கு எரிவளி இல்லாமலில்லை. கிணறு பொய்க்கவில்லை. பொய்த்தது, கிணறு சொன்னதற்கும் மேடை சொன்னதற்கும் இடையிலிருந்த தொலைவே. அதனை உணர வேண்டுமானால், ஆய்வுக் கிணற்றின் தேர்வு எவ்வாறு நடக்கின்றது என்று அறிதல் வேண்டும்.

துளைக்கருவி குறித்த ஆழத்தை எட்டியதும், துளைக்குள் எஃகுக் குழாயை இறக்கிச் சுற்றிலும் சிமிட்டியால் இறுக்குகின்றனர். எரிவளி இருக்கக்கூடும் என்று கருவிப்பதிவுகள் காட்டிய ஆழத்தில், குழாயின் சுவரைச் சிறு வெடிகளால் துளைக்கின்றனர். பாறையின் நுண்துளைகளில் பேரழுத்தத்துடன் அடைபட்டிருந்த வளி குழாய்க்குள் பாய்ந்து மேலே வருகின்றது. ஒடுங்கிய வாய் ஒன்றின் வழியே அதனை விட்டு, நாளொன்றுக்கு எத்துணைக் கன அடி என்று அளந்து, கொளுத்திவிடுகின்றனர். கொழுந்துவிட்டு எரியும் அத் தழலின் படமே இதழ்களில் வெளிவருகின்றது. சில மணிநேரமோ சில நாள்களோ இப் பாய்வு நடக்கும். அதன்பின் கிணற்றை மூடி, குறைந்துபோன அழுத்தம் எவ்வளவு விரைவாக, எவ்வளவு முழுமையாக மீள்கின்றது என்று அளக்கின்றனர். பாய்வைக் காட்டிலும் இந்த மீட்சியே அறிந்தவர்க்கு மிகுதியும் உணர்த்துவது. ஆனால் மீட்சியைப் படமெடுக்க இயலாது; அதைப் பற்றி எவரும் கொட்டை எழுத்தில் தலைப்பிடுவதுமில்லை.

இவ்வுண்மை தமிழ் உழவனுக்குப் புதியதன்று. புதுக்கிணற்றில் ஆளுயரம் நீர் நிற்பதைக் கண்டு அவன் மகிழ்கின்றான். ஆயினும் அன்றைக்கே அதை நம்பிக் கரும்பு நட்டுவிடுவதில்லை. நின்ற நீரை முழுவதும் இறைத்துப் பார்க்கின்றான். மறுநாட் காலைக்குள் எவ்வளவு ஊறியது என்று பார்க்கின்றான். கோடையிலும் ஊற்றுக்கண் அடைபடாமல் இருக்கின்றதா என்று பார்த்த பின்னரே பயிரைக் கூட்டுகின்றான். கிணற்றின் தகுதி நின்ற நீரால் அன்று, ஊறும் நீரால் என்பது அவன் பட்டறிவு. ஆயிரக்கணக்கான கோடிகளைக் கையாள்வோர் இந்தப் பட்டறிவை ஏன் கைவிடுகின்றனர்?

ஒரு கிணறு ஓரிடத்தின் செய்தியை மட்டுமே சொல்லும். எரிவளி தாங்கிய பாறை எதுவரை பரவியுள்ளது என்பதை அது சொல்லாது. வேறு கிணறுகள் துளைத்தே எல்லையை அறிதல் வேண்டும். நுண்துளைகள் ஒன்றோடொன்று இணைந்துள்ளனவா, வளி எளிதில் நகருமா என்பதை ஓரளவே சொல்லும். சில ஆண்டுகள் எடுத்தபின் அடியிலிருந்து நீர் ஏறிவருமா என்பதை அது சொல்லாது. எடுக்கும் செலவு விற்கும் விலைக்குள் அடங்குமா என்பதைப் பாறை ஒருபோதும் சொல்லாது. தீனதயாள் வயலில் பாறை இறுகியது. வெப்பமும் அழுத்தமும் மிகுந்தது. பாறையை நீரழுத்தத்தால் பிளந்தாலன்றி வளி நகரத் தயங்கியது. அத்துணை ஆழத்தில், கடலின் நடுவில், அவ்வேலைக்கு ஆன செலவு கணக்கிட்டதை விஞ்சியது.

இனி, அதே கடற்பகுதியிலேயே மற்றொரு சான்று. 2002இல் இரிலையன்சுக் குழுமம் அங்கு ஆழ்கடலில் பேரளவு எரிவளி கண்டதாக அறிவித்தது. இங்கு வளி மெய்யாகவே கரைக்கு வந்தது. 2009 ஏப்பிரலில் தொடங்கி, 2010இல் நாளொன்றுக்கு 6 கோடி கன மீட்டருக்கு மேல் வந்தது. நாளொன்றுக்கு 8 கோடி கன மீட்டர் என்பது 2006ஆம் ஆண்டுத் திட்டத்தின் இலக்கு. அந்த இலக்கு எட்டப்படவேயில்லை. அழுத்தம் வீழ்ந்தது, கிணறுகளில் நீரும் மணலும் புகுந்தன. 2013–14இல் அளவு ஒன்றரைக் கோடிக்கும் கீழே இறங்கியது. முதன்மை வயல்களில் எடுக்கத்தக்கது 10 இலக்கங்கோடி கன அடி என்றிருந்த கணக்கு, 2012இல் ஏறத்தாழ 3 இலக்கங்கோடி என்று சுருங்கியது. ஒப்புக்கொண்ட கிணறுகளைத் துளைக்காமையே கரணியம் என்று அரசுத் தரப்பும், நிலத்தடியின் இயல்பே கரணியம் என்று குழுமத் தரப்பும் வழக்காடின. 2020 பிப்பிரவரியில் அம் முதன்மை வயல்கள் அடங்கின. அவ்வாண்டுத் திசம்பரில் அதே பகுதியில் வேறு வயல்களிலிருந்து மீண்டும் எரிவளி எடுக்கத் தொடங்கினர் என்பதையும் நடுநிலையோடு சொல்லுதல் வேண்டும்.

இடைப்பட்ட காலத்தில் இழந்தவர் யார்? வரும் என்று சொல்லப்பட்ட எரிவளியை நம்பி ஆந்திரத்திலும் பிற இடங்களிலும் மின்நிலையங்கள் கட்டப்பட்டன. வைப்பகங்கள் கடன் கொடுத்தன. எரிவளி வரவில்லை. உள்நாட்டு எரிவளி கிடைக்காமல் முடங்கிய மின்நிலையங்களின் திறன், இந்தியா முழுமைக்கும், 14,000 மெகாவாட்டுக்கு மேல் என்று அரசுக் கணக்கே கூறியது. அவ்வைப்பகங்களில் இருந்த பணம் சிறுகச் சிறுகச் சேர்த்துவைத்த பொதுமக்களின் பணம். அவர்களுள் எவரும் பங்குச் சந்தைப் பக்கம் தலைவைத்தும் படுத்திருக்கமாட்டார். ஆயினும் சந்தையின் நம்பிக்கைக்கு ஈடு கொடுத்தவர் அவர்களே.

முதலீட்டாளரின் நம்பிக்கை முழுவதும் குற்றம் என்று சொல்லிவிட முடியாது. நிலத்தடி இருட்டில் பொருளைத் துணிந்து இடுவோர் இல்லையேல் ஒரு கிணறும் துளைக்கப்படாது. பத்துக் கிணறு துளைத்துச் சிலவற்றில் வெல்வதே அத் தொழிலின் இயல்பு. தீங்கு எங்கே புகுகின்றது என்றால், அடுத்த கிணற்றுக்குப் பணம் திரட்ட வேண்டியவரே முந்திய கிணற்றின் செய்தியைச் சொல்பவராகவும் இருக்குமிடத்தில் புகுகின்றது. பங்கின் விலை ஏறினால் புதுப்பங்கு விற்றுப் பணம் பெறலாம். கடன் எளிதாகக் கிடைக்கும். எனவே நல்ல செய்தி பெரிய எழுத்திலும், ‘இது மதிப்பீடே, மாறக்கூடும்’ என்னும் எச்சரிக்கை கடைசியில் பொடி எழுத்திலும் அச்சாகின்றன. ஆட்சியாளரும் அம் முழக்கத்தில் கலந்துகொள்ளும்போது, ஐயுறுபவன் நாட்டின் நலத்துக்குப் பகைவனாகக் காட்டப்படுகின்றான்.

இங்கேதான் மொழியின் பணி தொடங்குகின்றது. எரிவளித் தொழிலில் மூன்று அளவுகள் உண்டு. துளையிடுமுன், நிலத்தடியின் அமைப்பைக் கொண்டு ‘இங்கு இருக்கக்கூடும்’ என்று கருதுவது ஒன்று. அதனை வாய்ப்பு என்க. துளைத்துக் கண்டபின், பாறைக்குள் மொத்தமாக இவ்வளவு கிடக்கின்றது என்று மதிப்பது இரண்டாவது. அதனைக் கிடப்பு என்க. அக் கிடப்பில், கையிலுள்ள நுட்பத்தால், செலவு போக மிஞ்சும் விலையில், மேலே கொண்டுவரத்தக்கது மூன்றாவது. அதனை எடுப்பு என்க. வாய்ப்பு, கிடப்பு, எடுப்பு என்னும் இம்மூன்று சொற்களும் எந்த அகரமுதலியையும் புரட்டாமல் எழுத்தறியாப் பாட்டிக்கும் விளங்குபவை. வாய்ப்பைக் கிடப்பாகவும், கிடப்பை எடுப்பாகவும் காட்டுவதே இத் தொழிலின் புரட்டுகள் அனைத்துக்கும் வேர். 20 இலக்கங்கோடி என்று முழங்கியபோது, ‘இது கிடப்பா, எடுப்பா?’ என்று ஊருக்கு ஒருவர் கேட்டிருந்தால் முழக்கத்தின் ஒலி பாதியாக அடங்கியிருக்கும். கேட்கவில்லை. ஏனெனில் அவ்வேறுபாடு ஆங்கில அறிக்கையின் உள்மடிப்பில் இருந்தது. மக்கள் காதுக்கு எண்ணிக்கை மட்டுமே வந்தது.

தமிழ் இவ்வேறுபாட்டை அறியாத மொழியன்று. ஐயத்தையும் தேற்றத்தையும் ஓர் இடைச்சொல்லின் அளவிலேயே பிரித்துக் காட்டிய இலக்கண மரபு இது. ஏகாரத்தின் பொருள்களுள் தேற்றத்தையும், உம்மையின் பொருள்களுள் ஐயத்தையும் தொல்காப்பியம் எண்ணியிருக்கின்றது. ‘எரிவளி இருக்கவும் கூடும்’ என்பதற்கும் ‘எரிவளியே இருக்கின்றது’ என்பதற்கும் உள்ள தொலைவை உணரும் காது தமிழனுக்கு இயல்பாக உண்டு. அக் காதை அடைத்துவிட்டு, விளங்காத மொழியில் வந்த எண்ணிக்கைக்குக் கைதட்டப் பழக்கியதே அடிமைக் கல்வியின் விளைவு. தனித்தமிழ் வேண்டும் என்பது அழகுக்காக மட்டும் எழுந்த கோரிக்கையன்று; ஏமாறாமைக்காகவும் எழுந்தது.

ஆந்திரக் கடலில் நிகழ்ந்தது அங்கேயே இருந்துவிட்டுப் போகட்டும் என்று தமிழர் இருந்துவிட முடியாது. கிருட்டிணை–கோதாவரிப் படுகைக்குத் தெற்கே இருப்பது காவிரிப் படுகை. அங்கும் நிலத்தடியில் எண்ணெயும் எரிவளியும் உண்டு. நரிமணம் முதலிய இடங்களில் நெடுங்காலமாக எடுக்கப்பட்டும் வந்துள்ளன. 2010இல் மன்னார்குடிப் பகுதியின் நிலக்கரிப் படுகையிலிருந்து மீத்தேன் வளி எடுக்கும் உரிமையை நடுவணரசு ஒரு தனியார் குழுமத்திற்கு வழங்கியது. அங்கும் முதலில் வந்தவை எண்ணிக்கைகளே. நிலத்தடி நீரை இறைத்து வெளியேற்றினாலன்றி அவ்வளி வெளிவராது என்பதும், அந்நீர் போனால் நெல் என்னாகும் என்பதும் உழவர்கள் தாமே கேட்டறிந்தவை. அத் திட்டத்தை எதிர்த்து ஊர் ஊராகச் சென்று உழவர் மொழியிலேயே அதை விளக்கிய நம்மாழ்வார், 2013 திசம்பர் 30ஆம் நாள், அப் பரப்புரைப் பயணத்தின் இடையிலேயே உயிர்நீத்தார். விளங்கிய மொழியில் சொல்லப்பட்டமையால் மக்கள் எழுந்தனர், திட்டம் நின்றது. 2017இல் நெடுவாசல் எழுந்தது. 2020 பிப்பிரவரியில் காவிரிப் படுகையைக் காக்கப்பட்ட வேளாண் மண்டிலமாக்கும் சட்டம் தமிழ்நாட்டுச் சட்டமன்றத்தில் நிறைவேறியது. ஏற்கெனவே நடந்துகொண்டிருந்த பணிகளை அச் சட்டம் நிறுத்தவில்லை என்பதையும் மறத்தல் கூடாது.

மன்னார்க் கடலிலும் இக் கதை நடந்தது. 2011இல் கெய்ர்ன் குழுமம் அங்குத் துளைத்த மூன்று கிணறுகளுள் இரண்டில் எரிவளி கண்டது, மூன்றாவது வறண்டது. கொழும்பில் பெருங்களிப்பு, இலங்கை தன் எரிபொருளில் தற்சார்பு எய்திவிடும் என்ற பேச்சு. 2014இலிருந்து உலகில் எண்ணெய் விலை வீழ்ந்தது. கிடப்பை எடுப்பாக்குவது கட்டாது என்று கண்ட அக் குழுமம், 2015இல் உரிமையை விட்டு வெளியேறியது. கரையில் வாழும் தமிழ் மீனவரிடம், கிணறு துளைக்குமுன்னும் சரி, கைவிட்டபின்னும் சரி, அவர்தம் மொழியில் முழுக்கணக்கைச் சொல்லவேண்டும் என்று கருதிய ஆட்சி எங்கே இருந்தது?

எனவே, இனி ஓர் எரிவளிக் கிணற்றைப் பற்றிய நற்செய்தி எந்த மேடையிலிருந்து வந்தாலும், தமிழ் மக்கள் ஐந்து வினாக்களை எழுப்புதல் வேண்டும். சொல்லப்படும் அளவு வாய்ப்பா, கிடப்பா, எடுப்பா? எத்தனை கிணறுகளைக் கொண்டு அது கணக்கிடப்பட்டது? மூடிய பின் அழுத்தம் எவ்வளவு மீண்டது? கணக்கிட்டவர், பங்கு விற்கும் குழுமத்தைச் சேர்ந்தவரா, சாராதவரா? கணக்குப் பொய்த்தால் இழப்பு யாருடையது? இவ்வைந்துக்கும் விடை தராத அறிவிப்பு வாணிக விளம்பரமே அன்றி வேறன்று.

இவ்விடைகள் தமிழிலேயே வருதல் வேண்டும். நிலத்தில் கை வைக்குமுன், ஒப்பந்தத்தின் முழுவடிவமும், தேர்வின் முடிவும், நீருக்கும் மண்ணுக்கும் நேரக்கூடிய இடரும் தமிழில் அச்சாகி ஊரவையில் படிக்கப்படுதல் வேண்டும். ஒப்பந்தம் தில்லியில் கையொப்பமாகின்றது. துளை தஞ்சையில் விழுகின்றது. இடையிலிருக்கும் மொழித் தடுப்பு நீங்காதவரை உழவனின் இசைவு இசைவாகாது. தமிழ்நாட்டரசு இதனைச் சட்டமாக்க வேண்டும் என்று ஊர்தோறும் தீர்மானம் நிறைவேற்றுதல் வேண்டும். தமிழ்ப் பொறிஞரும் நிலவியலாரும் தம் துறையின் சொற்களைத் தமிழில் ஆக்கி, ஒவ்வோர் அறிக்கையையும் பிரித்துக் காட்டும் பணியைத் தம் மொழிக்கடனாகக் கொள்ளுதல் வேண்டும். ஒரு துறைக்கு நூறு சொல் போதும். அந்த நூறும் மக்கள் நாவில் நின்றால், அவர்கள் அறியாமல் அவர்கள் மண்ணை எவராலும் விலைபேச முடியாது.

கிடப்பதெல்லாம் எடுப்பதாகாது. கேட்பதெல்லாம் மெய்யாகாது. சொல்லை அறிந்த மக்கள் தம் பொருளைக் காப்பர். பொருளைக் காத்தவர் தம் மண்ணைக் காப்பர்.

வெல்க தமிழ்!